ஒப்பீட்டுக் கல்வியியலின் அலகுச் சிக்கல்: கோவில்பட்டிக் கரிசல் வட்டாரத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒப்பீட்டுக் கல்வியியல் இரண்டு நூற்றாண்டு வளர்ச்சியில் பல ஆய்வு முறைகளைக் கண்டுள்ளது. முறைகள் மாறியபோதும் ஒப்பிடப்படும் அலகு பெரும்பாலும் நாடாகவே நிலைபெற்றது. இவ்வலகு கல்வியின் உண்மை நிலையை எந்த அளவுக்குக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது என்பதைக் கோவில்பட்டியை நடுவாகக் கொண்ட மானாவாரிக் கரிசல் வட்டாரத்தின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. மதிய உணவுத் திட்டமும் தீப்பெட்டித் தொழிலில் குழந்தை உழைப்பும் ஒரே வட்டாரத்தில் நிகழ்ந்தமை இதற்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஒப்பீட்டுக் கல்வியியல், ஆய்வு முறை, ஒப்பீட்டு அலகு, கரிசல் வட்டாரம், கொள்கைக் கடன்பேறு, குழந்தை உழைப்பு.

முன்னுரை

பாரிஸ் நகர அறிஞர் மார்க் அந்துவான் ஜூலியன் 1817இல் வெளியிட்ட சிறுநூலிலிருந்து ஒப்பீட்டுக் கல்வியியலின் வரலாற்றைத் தொடங்குவது மரபு. ஐரோப்பிய அரசுகளின் கல்வி நிலையை ஒரே வகையான வினாநிரல்களால் திரட்டி, அட்டவணைகளாக்கி, அவற்றிலிருந்து கொள்கைகளைப் பெறலாம் என்பது அவரது திட்டம். அதன் பின்னர் பிரஷ்யப் பள்ளிகளைக் கண்டு எழுதிய விக்டர் கூசான், ஹோரஸ் மன் ஆகியோரின் அறிக்கைகளும், 1900இல் மைக்கேல் சாட்லர் ஆற்றிய உரையும், 1933இல் வெளிவந்த ஐசக் காண்டலின் நூலும் வரிசையாக எடுத்துரைக்கப்படும். இந்த வரலாற்றில் தமிழகத்துக்கு இடமில்லை. ஆயின் சான்றுகள் வேறுவிதமாக உள்ளன. ஜூலியனின் திட்டம் தாளளவில் நின்ற காலத்திலேயே சென்னை மாகாணத்தில் வினாநிரல் வழியான கல்விக் கணக்கெடுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் வலிமையும் குறையும் இன்றைய ஒப்பீட்டாய்வுகளிலும் தொடர்கின்றன என்பதால் ஆய்வை அங்கிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

1. மன்றோவின் அட்டவணை

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 ஜூன் 25ஆம் நாள் எழுதிய குறிப்பின்படி, மாவட்ட ஆட்சியர்கள் அனைவருக்கும் ஒரே படிவம் அனுப்பப்பட்டது. பள்ளிகளின் எண்ணிக்கை, மாணவர் எண்ணிக்கை, சாதிப் பிரிவு, ஆண் பெண் பகுப்பு ஆகியவை கேட்கப்பட்டன. விடைகளைத் தொகுத்து 1826 மார்ச் 10ஆம் நாள் மன்றோ எழுதிய குறிப்பு 12,498 பள்ளிகளையும் 1,88,650 மாணவர்களையும் பதிவு செய்கிறது. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்பது அவரது கணக்கு. அத்துடன் நில்லாமல், இந்நிலை இங்கிலாந்தைவிடத் தாழ்ந்தது என்றும், ஆனால் அண்மைக் காலம் வரை ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இருந்த நிலையைவிட உயர்ந்தது என்றும் அவர் மதிப்பிட்டார். பொதுப் படிவம், தரவு, அட்டவணை, பிற நாடுகளோடு ஒப்பீடு என்னும் நான்கு கூறுகளும் இங்கு அமைந்துள்ளன. ஆகவே இதனை ஒப்பீட்டுக் கல்வியியலின் தொடக்கக்கால முயற்சிகளுள் ஒன்றாகக் கொள்ளத் தடையில்லை.

இக்கணக்கெடுப்பின் குறைகளும் ஆய்வு முறை சார்ந்தவையே. சென்னை நகரில் பள்ளியில் பயின்றோரைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கினர், அதாவது 26,000க்கும் மேற்பட்டோர், வீட்டிலேயே கற்றதாக அறிக்கை கூறியது. இவ்வெண் மிகையாக இருக்கலாம் என மன்றோவே ஐயுற்றார். எனினும் பள்ளியை மட்டும் எண்ணினால் கல்வி முழுமையாகப் புலப்படாது என்பதை அது உணர்த்தியது. மேலும், மாகாணத் தொகுப்பு அட்டவணையில் திருநெல்வேலி ஒரு மாவட்டமாக ஒரே வரிசையில் அடங்கிவிடுகிறது. தாமிரபரணிப் பாசனத்தில் நெல் விளையும் ஊர்களும், மழையை மட்டுமே நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் விளைத்த கரிசல் ஊர்களும் அங்கு ஒரே எண்ணாகின்றன.

பிற்காலத்தில் இதே அட்டவணை எதிரெதிர் வாதங்களுக்குப் பயன்பட்டது. 1931இல் இலண்டனில் காந்தியடிகள் ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவில் எழுத்தறிவு குன்றியது எனக் கூற, பிலிப் ஹார்டாக் அதனை மறுத்துச் சான்று கேட்டார். 1983இல் தரம்பால் தம் நூலில் மன்றோ காலத்து ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்டுக் காந்தியடிகளின் கருத்துக்கு வலுச் சேர்த்தார். எண்ணிக்கை குறித்து இரு தரப்பாரும் நெடிது வாதிட்டனர். எந்த அலகில் எண்ணுவது என்ற வினா இவ்விவாதத்தில் முதன்மை பெறவில்லை.

2. முறைகளின் வளர்ச்சியும் மாறாத அலகும்

பள்ளிக்கு வெளியே உள்ள சமூக ஆற்றல்களை அறியாமல் பள்ளியை அறிய இயலாது என்பது சாட்லர் வலியுறுத்திய கருத்து. காண்டலும், 1949இல் தம் நூலை வெளியிட்ட நிக்கோலஸ் ஹான்சும் இதனை வரலாற்றியல் முறையாக வளர்த்தனர். எனினும் சாட்லரின் சமூக ஆற்றல்கள் இவர்கள் கையில் தேசியப் பண்பு, சமயம், மொழி என்னும் பெரும்பகுப்புகளாயின. மண், மழை, கூலி ஆகியவை அவற்றுள் முதன்மை பெறவில்லை.

ஜார்ஜ் பெரடே 1964இல் விவரித்தல், பொருள்கோடல், அருகிணைத்தல், ஒப்பிடுதல் என்னும் நான்கு படிநிலைகளை வகுத்தார். பிரையன் ஹோம்ஸ் 1965இல் சிக்கலை மையமாகக் கொண்ட அணுகுமுறையை முன்வைத்தார். ஹெரால்ட் நோவாவும் மாக்ஸ் எக்ஸ்டைனும் 1969இல் கருதுகோளைப் புள்ளியியலால் சோதிக்கும் அறிவியல் முறையை வற்புறுத்தினர். இவற்றுள் பெரடேயின் முறையே ஆசிரியர் கல்வி நிலையங்களில் மிகுதியும் கற்பிக்கத்தக்க தெளிவுடையது. ஆயினும் நடைமுறையில் இங்கிலாந்து, அமெரிக்கா, உருசியா, இந்தியா என நாடுகளை அடுத்தடுத்து விவரிப்பதோடு ஒப்பீடு நின்றுவிடுவதுண்டு. அது பெரடே கூறிய முதற்படியேயன்றி நான்காம் படியன்று.

புள்ளியியல் முறையின் இன்றைய பெருவடிவம் பன்னாட்டு மாணவர் மதிப்பீடான பிசா ஆகும். 2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் பங்கேற்றன. 2011 டிசம்பரில் வெளியான முடிவுகளில் இரு மாநிலங்களும் பட்டியலின் கடைசிப் பகுதியில் இடம்பெற்றன. அடுத்த சுற்றில் இந்தியா பங்கேற்கவில்லை. வினாக்கள் இந்தியச் சூழலுக்குப் பொருந்தவில்லை என்பதே அப்போது பெரிதும் பேசப்பட்ட குறை. அதனினும் அடிப்படையான குறை ஒன்றுண்டு. இம்மதிப்பீடு பள்ளியில் சேர்ந்துள்ள 15 வயதினரையே அளக்கிறது. பள்ளியை விட்டு நீங்கி வேலைக்குச் சென்றவர் அதன் கணக்கில் வருவதில்லை. ஒரு மாநிலத்தின் சராசரி அம்மாநிலத்தின் எந்த ஊரையும் உள்ளவாறு காட்டுவதுமில்லை.

3. கரிசல் வட்டாரத்தில் இரண்டு நிகழ்வுகள்

ஒரு நாட்டின் கல்விக் கொள்கையை மற்றொரு நாடு எடுத்துக்கொள்வதைக் கொள்கைக் கடன்பேறு என்பர். ஈர்ப்பு, முடிவு, நடைமுறைப்படுத்தல், தன்வயமாக்கல் என நான்கு நிலைகளில் இது நிகழ்வதாக டேவிட் பிலிப்ஸ், கிம்பர்லி ஆக்ஸ் ஆகியோர் 2003இல் விளக்கினர். தமிழகம் இதில் கடன் பெற்ற இடமாக மட்டும் இருந்ததில்லை. சென்னை எழும்பூர் ஆதரவற்றோர் இல்லத்தில் பணியாற்றிய ஆண்ட்ரு பெல், நாட்டுப் பள்ளியொன்றில் மணலில் எழுதிப் பழகும் முறையைக் கண்டு அதனை எடுத்துக்கொண்டார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையைத் தம் கண்டுபிடிப்பாகவே கருதினார். திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையை அறிந்தோர் அவ்வுரிமையை எளிதில் ஏற்கமாட்டார். 1797இல் அவர் வெளியிட்ட நூலின் வழியே சென்னை முறை என்னும் பெயருடன் அது இங்கிலாந்தில் பரவி, பின்னர் ஆங்கிலேய முறையாக இந்தியாவுக்கே திரும்பியது.

கரிசல் வட்டாரம் அளித்த கொடை இதனினும் பெரிது. 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியொன்றில் தொடங்கப்பெற்ற உணவளிப்பு முயற்சிக்குப் பின், 1956இல் முதலமைச்சர் காமராசர் கோவில்பட்டிக்கு அண்மையிலுள்ள எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தொடக்கத்தில் அது ஊர் மக்களின் நன்கொடையைச் சார்ந்திருந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 1995இல் நடுவணரசு நாடு தழுவிய திட்டமொன்றை அறிவித்தது. 2001இல் உச்ச நீதிமன்றம் சமைத்த உணவு வழங்குமாறு மாநிலங்களுக்கு ஆணையிட்டது. வறண்ட வட்டாரமொன்றில் தொடக்கம் கண்ட கொள்கை நாட்டளவில் பரவியமைக்கு இது தக்க சான்றாகும்.

இதே வட்டாரம் மற்றொரு நிகழ்வையும் கண்டது. மானாவாரி வேளாண்மை ஆண்டு முழுவதும் வேலை தராத நிலையில், கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி ஊர்களின் தீப்பெட்டித் தொழில் சுற்றுப்புறச் சிற்றூர்களின் உழைப்பை ஈர்த்தது. சட்டங்களில் குச்சி அடுக்குதல், பெட்டி ஒட்டுதல் ஆகிய வேலைகளுக்கு எண்ணிக்கையளவில் கூலி தரப்பட்டதால் குழந்தைகளின் விரல்களும் கணக்கில் சேர்ந்தன. விடியுமுன் ஊர்களுக்கு வந்து குழந்தைகளை ஏற்றிச்சென்ற பேருந்துகளைப் பற்றி ஸ்மிது கோத்தாரி 1983இல் சிவகாசி குறித்து எழுதிய கட்டுரை நாட்டின் கவனத்தை ஈர்த்தது. எழுத்தாளர் பூமணி இயக்கிய ‘கருவேலம்பூக்கள்’ திரைப்படம் இவ்வாழ்வையே பொருளாகக் கொண்டது.

மைரன் வீனர் 1991இல் வெளியிட்ட இந்தியக் குழந்தையும் அரசும் பற்றிய நூல் இச்சிக்கலை ஒப்பீட்டுக் கல்வியியலுக்குள் கொண்டுவந்தது. ஜெர்மனி, சப்பான், இலங்கை, கேரளம் முதலியவற்றோடு ஒப்பிட்டு, கட்டாயக் கல்வி வராமைக்கு வறுமை முதன்மைக் காரணமன்று. அரசு அலுவலரும் கற்ற நடுத்தர வகுப்பாரும் கொண்டிருந்த நம்பிக்கைகளே காரணம் என்று அவர் நிறுவ முயன்றார். ஏழை நாடுகளும் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பியுள்ளன என்ற அவரது சான்று வலிமையானது. வறுமையைக் காட்டிக் கடமையைத் தட்டிக்கழிக்கும் போக்குக்கு அந்நூல் தக்க மறுப்பாக அமைந்தது.

ஆயினும் வீனரின் விளக்கம் கரிசல் வட்டாரத்துக்கு முழுமையாகப் பொருந்தவில்லை. கல்விக்கு அரசு அக்கறை காட்டிய மாநிலம் தமிழ்நாடு. அவ்வக்கறையின் அடையாளமான மதிய உணவு இவ்வட்டாரத்திலேயே தொடங்கியது. அவ்வாறாயின் அரசின் நம்பிக்கை மட்டுமே விளக்கமாகாது. இவ்விடத்தில் ஒரு நாளின் கால அமைப்பை நோக்குதல் வேண்டும். மதிய உணவு மதியத்தில் பள்ளியில் இருக்கும் குழந்தைக்கே கிட்டும். தொழிற்கூடப் பேருந்தோ விடியுமுன்னரே புறப்பட்டுவிடும். பள்ளி மணிக்கும் பேருந்து நேரத்துக்கும் இடைப்பட்ட பொழுதிலேயே அக்குழந்தையின் கல்வி முடிவு செய்யப்பட்டது. நாட்டளவிலோ மாநில அளவிலோ செய்யப்படும் ஒப்பீட்டில் இப்பொழுது புலப்படுவதில்லை. எனவே வீனரின் விடை தவறு என்பதைவிட, அவர் கொண்ட அலகு இவ்வினாவுக்குப் பெரிது என்பதே பொருந்தும்.

4. மாற்று அலகுகள்

மார்க் பிரேயும் முர்ரே தாமசும் 1995இல் முன்வைத்த கனசதுர மாதிரி இச்சிக்கலுக்கு வழிகாட்டுகிறது. உலகப் பகுதி முதல் நாடு, மாநிலம், மாவட்டம், பள்ளி, வகுப்பறை, தனியர் வரை ஏழு இட நிலைகளையும், மக்கட் பிரிவுகளையும், கல்விக் கூறுகளையும் இணைத்து நோக்க அது வலியுறுத்துகிறது. அதிலும் ஒரு போதாமை உண்டு. அதன் இட நிலைகள் பெரும்பாலும் ஆட்சி எல்லைகளைச் சார்ந்தவை. கரிசல் ஒரு மாவட்டமன்று. 1986இல் தூத்துக்குடி மாவட்டம் தனியாகப் பிரிந்தபோது கோவில்பட்டி அதனுள் அமைய, சாத்தூரும் சிவகாசியும் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ளன. மண்ணும் தொழிலும் ஒன்றாக இருக்க, புள்ளிவிவரம் இரண்டாகப் பிரிகிறது.

இதற்கு மறுதலையாக, தாமிரபரணி பாயும் திருவைகுண்டமும் மழையை நோக்கும் கோவில்பட்டியும் ஒரே மாவட்டத்தில் உள்ளன. மொழி, பாடத்திட்டம், ஆட்சி ஆகியவை ஒன்றாகவும் நீரும் தொழிலும் வேறாகவும் அமைந்த இவ்விரு பகுதிகளை ஒப்பிட்டால், பல நாட்டு ஒப்பீடுகளில் பிரித்தறிய இயலாத காரணிகளைப் பிரித்தறியலாம். நாட்டெல்லை கடந்த ஒப்பீட்டையும் தொழில் அடிப்படையில் அமைக்கலாம். அமெரிக்கத் தென் மாநிலங்களில் பருத்தி எடுக்கும் காலத்தை ஒட்டிக் கறுப்பினக் குழந்தைகளின் பள்ளி நாள்கள் குறைக்கப்பட்ட வரலாறு, அமெரிக்காவின் பிற பகுதிகளைவிடக் கரிசல் ஊர்களோடு நெருங்கிய உறவுடையது.

பள்ளிக்கு வெளியே நிகழும் கற்றலும் தரவாக வேண்டும். கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பை முடிக்காதவர். அவர் தொகுத்த கரிசல் வட்டார வழக்கு அகராதி 1982இல் வெளிவந்தது. பின்னர்ப் புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராகவும் விளங்கினார். தனியொருவரின் ஆற்றலைப் பொதுவிதியாக்குதல் கூடாது. எனினும் உழவர் வாய்மொழியில் சேமிக்கப்பட்ட அறிவைக் கணக்கில் கொள்ளாத ஒப்பீடு முழுமையாகாது என்பதை இது காட்டுகிறது.

முடிவுரை

ஒப்பீட்டுக் கல்வியியலின் ஆய்வு முறைகள் வினாநிரலிலிருந்து வரலாற்று விளக்கம், அறிவியல் சோதனை, பன்னாட்டுத் தேர்வு என வளர்ந்துள்ளன. அவ்வளர்ச்சி தேவையானது, அதனைக் கைவிடுதல் தீர்வாகாது. நாடுகளிடையேயான ஒப்பீடு இல்லையெனில் வறுமை தவிர்க்க முடியாத தடை என்னும் வாதத்தை வீனர் மறுத்திருக்க இயலாது. ஆனால் அலகைத் தேர்ந்தெடுப்பதும் ஆய்வு முறையின் ஒரு பகுதியே. வினாவுக்கு ஏற்ப அலகு அமைதல் வேண்டும். வழக்கத்தால் அமைதல் கூடாது. 2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பின் கரிசல் ஊர்களில் பள்ளிச் சேர்க்கையை மட்டும் எண்ணி நிறைவடைந்தால், 1826இன் அட்டவணை செய்த பிழையே மீண்டும் நிகழும். சேர்ந்த குழந்தை எந்தப் பருவத்தில், எந்தப் பொழுதில், எவ்வேலைக்காகப் பள்ளியில் இல்லாமற் போகிறது என்பதை நன்செய் வட்டாரத்தோடு ஒப்பிட்டு அறியும் ஆய்வுகளே இனித் தேவைப்படுவன.