மூக்கையே பாருங்கள்

தலைசுற்றலுக்குக் காரணம் தேட எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. எனக்குப் பிடித்தது கருவியே இல்லாத ஒரு சோதனை. 1988-இல் சிட்னியைச் சேர்ந்த மைக்கேல் ஹல்மாகியும் இயன் கர்தாய்ஸும் விவரித்தது.

“என் மூக்கையே பாருங்கள்” என்கிறார் மருத்துவர். நோயாளியின் தலையை இரு கைகளாலும் பிடித்து, எதிர்பாராத நேரத்தில் சட்டென்று பத்துப் பதினைந்து டிகிரி திருப்புகிறார். உட்செவியின் அரைவட்டக் குழாய்கள் நன்றாக இருந்தால், கண்கள் அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் நகர்ந்து மூக்கிலேயே நிற்கும். காதிலிருந்து கண்ணுக்குக் கட்டளை போய்ச்சேர ஏறக்குறைய 10 மில்லி விநாடிதான். நடந்துகொண்டே கடைப் பலகையைப் படிக்க முடிவதும் இதனால்தான். ஒரு காது பழுதென்றால், அந்தப் பக்கம் திருப்பும்போது கண்ணும் தலையோடு போய்விடும். பிறகு ஒரு துள்ளு துள்ளி மூக்குக்குத் திரும்பும். அந்தத் துள்ளல் போதும், எந்தக் காது என்று தெரிந்துவிடும். எவ்வளவு அழகான கண்டுபிடிப்பு!

கண்ணுக்குத் தப்பும் துள்ளலைப் பிடிக்க இப்போது கேமரா வைத்த கண்ணாடியும் இருக்கிறது.

திடீரென்று வந்து விடாமல் சுற்றும் தலைசுற்றலில் துள்ளலே இல்லாவிட்டால்தான் கவலை. கோளாறு காதில் இல்லாமல் மூளையில், பக்கவாதமாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட தலைசுற்றலைப் ‘பித்தம்’ என்று விட்டுவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சோதனையை மட்டும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், கழுத்துக்கு ஆபத்து.