முதல் ஐந்து சுரங்கள்

அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் நான்காம், ஐந்தாம் வகுப்பில்தான் பேண்ட் பயிற்சி தொடங்குகிறது. அந்த ஆரம்ப வாரங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. பெரும்பாலும் முழு வாத்தியத்தை உடனே ஊத விடமாட்டார்கள். டிரம்பெட்டுக்கு மவுத்பீஸ் மட்டும்: உதடுகளைச் சேர்த்து அதிரவிட்டு ரீங்காரம் எழுப்ப வேண்டும். ஃபுளூட்டுக்குத் தலைப்பகுதி மட்டும். கிளாரினெட்டில் ரீடை நனைத்துப் பொருத்துவதே ஒரு பாடம்.

பிறகு ஐந்தே சுரங்கள். ஃபுளூட்டின் தாளில் பி ஃபிளாட் என்றிருப்பது டிரம்பெட்டின் தாளில் சி. எழுத்து வேறு, சுரம் ஒன்று. இதை ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் குழப்பாமல் பழக்கிவிடும் ஆசிரியர் என் கண்ணுக்குப் பெரிய வித்வான்.

மூன்று சுரங்களில் அடங்கும் 'ஹாட் கிராஸ் பன்ஸ்' என்ற பாட்டை வாசிக்கும்போது ஒரு கிளாரினெட் கிறீச்சிடும், டிரம்போன் சுருதி இறங்கும். ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்குகிறார்கள்!