பெயர் தெரிந்தால் போதுமா?

டிரைவிங் ஸ்கூல் சுவரில் சாலைக் குறியீட்டு சார்ட் தொங்க வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே உள்ள நிபந்தனை. பயிற்றுநராகப் பழகுகிறவர் முதலில் கற்றுக்கொள்ளும் பாடமும் அந்த சார்ட்டை ஒட்டியதுதான். ஒவ்வொரு படத்தையும் தொட்டுக் காட்டி "இது என்ன?" என்று கேட்க வேண்டும், பெயர் வந்ததும் அடுத்த படத்துக்குப் போக வேண்டும்.

இந்த முறையை ஒரேயடியாக ஒதுக்க முடியாது. வட்டம் என்றால் கட்டளை, முக்கோணம் என்றால் எச்சரிக்கை, நீலச் செவ்வகம் என்றால் தகவல் என்ற அடிப்படையை இவ்வளவு விரைவாகப் பதிய வைக்க வேறு வழி இல்லை. 'நில்' பலகைக்கு எண்கோணம், 'வழிவிடு' பலகைக்குத் தலைகீழ் முக்கோணம் என்று தனி வடிவம் கொடுத்திருப்பதன் அருமையும் சார்ட்டில்தான் பளிச்சென்று தெரியும். மேலே போஸ்டர் ஒட்டி எழுத்தை மறைத்தாலும் வடிவம் காட்டிக்கொடுத்துவிடும். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் தமிழ் தெரியாத வெளிமாநில ஓட்டுநருக்கும் அது ஒன்றுபோலப் புரியும். எல்.எல்.ஆர். தேர்வில் தேற 60 சதவீதம் எடுத்தால் போதும். அதற்கு சார்ட் தாராளம்.

குறை தெரிவது வண்டி நகர்ந்த பிறகுதான். மஞ்சள் விளக்கையே எடுத்துக்கொள்வோம். சிவப்பு நில், மஞ்சள் தயாராகு, பச்சை செல் என்று பள்ளி நாளிலிருந்தே மனப்பாடம். ஆனால் பச்சைக்குப் பின் வரும் மஞ்சளுக்குப் பொருள், கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பது. பத்திரமாக நிறுத்த முடியாத அளவுக்கு நெருங்கிவிட்டால் மட்டுமே கடக்கலாம். 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் போய்விடும். கோடு எவ்வளவு தூரம், பின்னால் ஒட்டிக்கொண்டு வருவது லாரியா பஸ்ஸா என்பதெல்லாம் மஞ்சள் விழுவதற்கு முன்பே கணக்கில் இருக்க வேண்டும். "தயாராகு" என்று ஒப்பிக்கும் மாணவர் எதற்குத் தயாராவது என்று அறியாமல் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார். இதை மாணவரின் அவசரம் என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. சொல்லிக்கொடுத்தது அப்படி.

வேரை விதியிலேயே பார்க்கலாம். பயிற்றுநரின் தகுதிகளைச் சொல்லும் 24-ஆம் விதி, வண்டியின் பாகங்கள் எப்படி இயங்குகின்றன என்பதைச் செய்துகாட்டவும் விளக்கவும் அவருக்குத் திறன் வேண்டும் என்கிறது. சாலைக் குறியீடுகளுக்கு வரும்போது நன்கு தெரிந்திருந்தால் போதும் என்று நின்றுவிடுகிறது. கிளட்ச்சை விளக்கத் தெரிய வேண்டும், சிக்னலை அறிந்திருந்தால் போதும் என்ற இந்த ஏற்றத்தாழ்வு எனக்குச் சரியாகப் படவில்லை. பிரிட்டனில் பயிற்றுநராக விரும்புகிறவர் குறியீடுகளைப் பற்றிய கேள்விகளோடு, ஓடும் சாலையின் வீடியோவில் ஆபத்து உருவாவதைக் கண்டுபிடிக்கும் தேர்விலும் 75-க்கு 57 எடுத்தாக வேண்டும். நம் பயிற்றுநர்களுக்கும் அப்படி ஒரு சோதனை தேவை.

அது வரும்வரை கேள்வியையாவது மாற்றலாம். "இது என்ன?" என்பதோடு "இதைப் பார்த்ததும் என்ன செய்வாய்?" என்றும் கேட்க வேண்டும். 'குறுகிய பாலம்' என்று பெயர் சொன்னவர் எந்த இடத்தில் வேகத்தைக் குறைப்பார், எதிரே வண்டி வந்தால் எங்கே ஒதுங்குவார் என்பதையும் சொல்லட்டும். பயிற்றுநரும் முதலில் தானே ஓட்டிக்கொண்டு, கண்ணில் படும் குறிகளையும் அதற்காகத் தான் செய்வதையும் வாய்விட்டுச் சொல்லிக் காட்ட வேண்டும். கிளட்ச்சோடு மல்லுக்கட்டும் முதல் வாரத்தில் மாணவரால் பேசிக்கொண்டே ஓட்ட முடியாது என்பது உண்மைதான். கார் பயிற்சிக்கு விதி வகுத்திருப்பதும் குறைந்தது 21 நாள், 10 மணி நேர ஓட்டம். அதில் நேரம் பிடுங்குவது கடினம். ஆனால் ஒருவர் ஓட்டும்போது பின் சீட்டில் முறைக்காகக் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பாடத்தை அவர்களிடமிருந்தே தொடங்கலாம்.