பெயரைக் கடைசியில் சொல்பவர்கள்

ஓர் இயற்கை நடை நன்றாக அமைந்ததா என்று அறிய, போன தூரம் எவ்வளவு குறைவு என்று பார்ப்பேன். பள்ளிக்கரணையில் தை மாதத்துக் காலையொன்றில், துரைப்பாக்கம் ரேடியல் சாலை ஓரமாக, தேர்ந்த வழிகாட்டி ஒருவர் தம் குழுவை இருநூறு மீட்டருக்குள்ளேயே இரண்டு மணி நேரம் வைத்திருப்பார். பின்னால் லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். குழுவில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அந்த இருநூறு மீட்டரை அவர் எப்படித் தேர்ந்தெடுத்தார் என்பதிலேயே கலை தொடங்கிவிடுகிறது. தை மாதத்தில் சூரியன் தென்கிழக்கில் எழுகிறது. அந்தச் சாலை ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடுவதால், வடக்கு நோக்கி நின்றால் வெயில் தோளுக்குப் பின்னாலிருந்து விழும். தெற்கே பார்த்து நின்றால் எல்லாப் பறவையும் கருநிழல்தான். உள்ளான்களின் கால் மஞ்சளா பச்சையா என்று சொல்லத் தெரிய வேண்டுமானால் வெளிச்சம் பின்னாலிருந்து வந்தாக வேண்டும். புதிதாக வந்தவர்களுக்கு இதை அவர் விளக்குவதில்லை. சரியான பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார், அவ்வளவுதான்.

அடுத்தது, காட்டும் விதம். விரலை நீட்டி “அதோ, அதோ” என்பவரிடம் எனக்கு மரியாதை குறைவு. நூறு மீட்டருக்கு அப்பால் விரல் நுனி எதையும் காட்டாது, பறவையை மிரளத்தான் வைக்கும். கைதேர்ந்தவர்கள் அசையாத ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார்கள். “தண்ணிக்கு நடுவுல ஒரு சாய்ஞ்ச கம்பம் தெரியுதாம்மா? அதுலேர்ந்து வலப்பக்கம் மெதுவா வாங்க. கோரை முடியுற இடத்துல ஒரு சேத்துத் திட்டு. அந்தத் திட்டோட விளிம்பு.” இந்த நிதானமான குரலைப் பின்பற்றிப் பதினைந்து பைனாகுலர்கள் ஒரே திட்டில் வந்து நிற்பதைப் பார்ப்பதே எனக்கு ஒரு தனிச் சுகம்.

இத்தனை செய்தும் பெயரைச் சொல்ல மாட்டார். மார்கழியில் மயிலாப்பூர் சபாக்களில் நல்ல பாடகர் ராகத்தின் பெயரை அறிவிக்காமல் ஆலாபனையில் இறங்க, பக்கத்து நாற்காலிக்காரர்கள் தமக்குள் முணுமுணுத்துக்கொண்டே தேடுவார்களே, அதே காத்திருப்பை இங்கேயும் உண்டாக்குகிறார். என்ன செய்கிறது அந்தப் பறவை? அலகு சேற்றில் முழுக்க இறங்குகிறதா, மேலோடு கொத்துகிறதா? நிற்கும்போது பின்பக்கம் மேலும் கீழும் ஆடுகிறதா? கேள்வி கேட்கக் கேட்கப் பார்வை கூர்மையாகிறது. பெயரை முதலிலேயே சொல்லிவிட்டால் பார்ப்பது அங்கேயே நின்றுபோகும் என்பது இவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருக்கிறது. கடைசியில் “பொறி உள்ளான்” என்று அவர் சொல்லும்போது, ஏற்கனவே அறிமுகமாகிவிட்ட ஒருவரின் பெயரைக் கேட்டது போலத்தான் அது வந்து சேர்கிறது.

இந்தக் கேள்விகளின் வழியாக இன்னொன்றும் புலப்படும். கலங்கலாக, ஒரே சீராகக் கிடக்கும் சதுப்பு உண்மையில் ஆழத்தை வைத்துப் பங்கு போடப்பட்டிருக்கிறது. கொசு உள்ளான் ஈரச் சேற்றைத் தாண்டி இறங்காது, அதன் கால் அவ்வளவுதான். பவளக்காலி அந்த நீண்ட சிவந்த கால்களோடு அதற்கு அப்பால் போய் நிற்கும். ஆண்டி வாத்து அகன்ற அலகை நீர்ப்பரப்பில் வைத்தபடியே நகர்ந்து சலித்துத் தின்னும். அலகின் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற வரிசை இருப்பதால் நீர் வெளியேறி உணவு தங்கும். நீர்க்காகத்துக்கு முழு ஆழமும் உரியது. ஒரே தட்டில் இத்தனை பேர் சண்டையில்லாமல் சாப்பிட முடிவதன் காரணம் காலிலும் அலகிலும் இருக்கிறது. இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். நேரில் ஒருவர் வரிசையாகக் காட்டியபோதுதான் மனதில் இறங்கியது.

நல்லவர்களிடம் மட்டும் பார்த்த ஒரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். வாத்துக் கூட்டம் திடீரென்று மொத்தமாக எழும்பினால் எல்லோர் கண்ணும் வாத்துகளின் பின்னால் ஓடும். வழிகாட்டி மட்டும் எதிர்ப்பக்கம் பார்ப்பார். நாணல் மேல் தாழப் பறந்து, சிறகை லேசாக மேல்நோக்கி வைத்துச் சாய்ந்து வரும் சேற்றுப் பூனைப் பருந்து அங்கே இருக்கும்.

நடையின் இன்னொரு பாதி நாட்காட்டியில் இருக்கிறது. “எந்த மாதம் வந்தால் நிறையப் பார்க்கலாம்?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரே இடத்துக்குப் பருவம் மாற மாற வந்தால்தான் அந்த இடம் பிடிபடும் என்பது என் கட்சி. செப்டம்பரிலிருந்தே வடக்கே இருந்து வலசை தொடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை கொட்டி நீர் நிறைந்தால் நீலச் சிறகிகளும் ஆண்டி வாத்துகளும் கூடும். மாசியில் தண்ணீர் வற்றத் தொடங்கும். வற்றும் ஒவ்வொரு விரற்கடைக்கும் புதிதாக ஒரு சேற்றுக்கரை பிறக்கும். உள்ளான்கள் அங்கே குவியும். இன்னும் ஆழம் குறைந்ததும் பூநாரைகள் வரும். வெள்ளம் வடிவதையே ஒரு நிகழ்ச்சி நிரலாக வாசிக்கக் கற்றுக்கொடுப்பது இந்தக் குழுக்கள்தான். தனியாகப் போகிறவன் நல்ல நாளைத் தேடிப் போவான். குழுவோடு போகிறவன் நிரலில் இருக்கும் நாளில் போவான். அதனாலேயே ஒன்றும் இல்லாத நாட்களையும் பார்த்துவிடுகிறான். அந்த வெறும் நாட்கள் இல்லாமல் நிறைந்த நாளின் அளவு தெரியாது.

சென்னைக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி 1978இல் தொடங்கியது. கிண்டி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். உரைகள், களப் பயணங்கள், ‘பிளாக்பக்’ என்ற இதழ் என்று அந்தச் சங்கம் ஒரு தலைமுறையையே வளர்த்தது. அதற்கும் முன்பே, மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996இல் மறையும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதிவந்தார். தமிழிலும் அருமையாக எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு காக்கையையும் அணிலையும் பற்றி எழுதியவர். காக்கையிலிருந்து நடையைத் தொடங்கத் துணிகிற வழிகாட்டியைப் பார்த்தால் எனக்கு அவர் நினைவுதான் வரும். அரிய பறவையைக் காட்டிக் கைதட்டல் வாங்குவது எளிது. தினம் பார்க்கிற காக்கையில், சாம்பல் கழுத்துள்ளது எது, முழுக் கறுப்பு அண்டங்காக்கை எது, இரண்டும் குப்பையை அணுகும் விதத்தில் என்ன வேறுபாடு என்று கால்மணி நேரம் பேசி நிறுத்தி வைப்பது கடினம்.

ஆதம்பாக்கத்துக்காரனாக எனக்குப் பள்ளிக்கரணையில் கூடுதல் உரிமை உண்டு. எங்கள் ஏரியின் உபரி நீர் வீராங்கல் ஓடை வழியாக அந்தச் சதுப்புக்குத்தான் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளத்தில் கடல். ஏரி சுருங்கிவிட்டது. ஓடையின் பல பகுதிகள் சாக்கடையாகத் தெரிகின்றன. சதுப்பும் அப்படித்தான்: ஒரு காலத்தில் ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த நீர்வெளியில் 317 ஹெக்டேர் 2007இல் காப்புக்காடானது, 2022இல் 1,247 ஹெக்டேர் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. பெருங்குடிக் குப்பைமேடு அதன் ஓரத்திலேயே நிற்கிறது. சில வழிகாட்டிகள் குப்பைமேட்டுக்கு முதுகைக் காட்டி நிற்க வைக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அதன் மேல் வட்டமிடும் கரும்பருந்துகளையும் சேர்த்துக் காட்டி, இந்த ஊரின் எச்சில் எங்கே போகிறது, மழைநீர் எங்கே போகிறது, இரண்டும் எந்த இடத்தில் சந்திக்கின்றன என்று சொல்பவரே முழு நடையைத் தருகிறவர். 2015 டிசம்பரில் வேளச்சேரியில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து நின்றவர்கள் அந்த விளக்கத்தைக் கேட்கும்போது முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

நடையும் உரையும் ஒன்றாகக் கலந்து உச்சத்தைத் தொடுவது கடற்கரையில். 1970களில் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் பாம்புப் பண்ணை நண்பர்களும் சென்னைக் கரையில் ஆமைகளைத் தேடி இரவில் நடந்தார்கள். 1988 முதல் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழுமம் அதைத் தொடர்கிறது. தை தொடங்கிச் சித்திரை வரை, நள்ளிரவுக்குப் பிறகு நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். பொதுமக்களைச் சேர்த்துக்கொள்ளும் இரவுகளில் முதலில் மணலில் உட்கார வைத்து ஓர் உரை. மேடை இல்லை, படக்காட்சி இல்லை, டார்ச்சும் அடிக்கக் கூடாது. பேசுபவரின் முகமே தெரியாது. நான் கேட்ட உரைகளில் இவற்றுக்கு நிகரானவை குறைவு.

பங்குனி ஆமை பின்கால் துடுப்புகளால் மாறி மாறி மணலை அள்ளி, குடம் போலக் குறுகிய வாயும் அகன்ற வயிறுமாகக் குழி தோண்டுவதைப் பேசுபவர் தம் கைகளாலேயே செய்து காட்டுவார். இருட்டில் அது பாதிதான் தெரியும். பாக்கியை நாமே கற்பனையில் முடித்துக்கொள்ள வேண்டும். நூறு, நூற்றிருபது முட்டைகள். ஏறக்குறைய 45 முதல் 55 நாள். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது. சூடு கூடினால் பெண். பொரிந்த குஞ்சு வெளிச்சமான திசையை நோக்கி ஓடும். காலங்காலமாக இரவில் வெளிச்சமான திசை என்றால் அது கடல்தான், வானத்தின் ஒளி அதன் மேல் படர்ந்திருப்பதால். இப்போது தெருவிளக்குகள் நிலத்தின் பக்கம். குஞ்சுகள் சாலையை நோக்கிப் போகின்றன. இதைச் சொல்லி முடித்ததும் எல்லோரும் தாமாகவே தலையைத் திருப்பி நகரத்தின் ஒளியைப் பார்ப்பார்கள். பேச்சாளர் அங்கே நிறுத்துவார். நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு நடை. டிராக்டர் டயர் போன தடம் போல மணலில் கடலிலிருந்து ஏறி, வளைந்து, இறங்கும் கோடு தென்பட்டால் தன்னார்வலர் ஒருவர் குச்சியால் மணலைக் குத்திப் பார்ப்பார். இறுகிய மணலில் ஓரிடம் மட்டும் இளகி உள்ளே இறங்கும். அந்த இளக்கத்தைக் கையால் அறிவது பல இரவுகளில் வரும் பயிற்சி. முழங்கை வரை தோண்டி முட்டைகளை எடுத்து, பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்கு, அதே வடிவத்தில் குழி செய்து வைப்பார்கள். பல இரவுகளில் ஒரு தடமும் கிடைக்காது. இறந்து ஒதுங்கிய ஆமை கிடைக்கும் இரவுகளும் உண்டு. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. இழுவை மடிக்குள் சிக்கினால் நுரையீரலால் மூச்சு விடும் விலங்கு மேலே வர முடியாமல் இறந்துபோகும். அந்த உடலையும் அளந்து குறித்துக்கொண்டுதான் மேலே நடக்கிறார்கள். அந்தக் குறிப்பேட்டின் மேல் எனக்குள்ள மதிப்பு, உயிரோடு ஆமையைப் பார்த்த மகிழ்ச்சிக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

2005இல் தொடங்கிய ‘நிழல்’ அமைப்பின் மர நடைகள் வேறு சுவை. மரம் பறந்து போகாது என்பதால் பேச்சுக்கு அவசரமில்லை. பட்டையைத் தொடலாம், இலையைக் கசக்கி முகரலாம். கொன்றை பூக்கும் சித்திரையில் போவது நல்லது.

புதிதாகச் சேர நினைப்பவர்கள் பைனாகுலர் வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள். குழுவில் கேட்டால் தருவார்கள். வாங்கும்போது எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும். பத்து, பன்னிரண்டு என்று போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும், காட்சிப் பரப்பு குறுகும். பொங்கலையொட்டி நான்கு நாட்கள் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் தமிழ்நாடு முழுக்க நடக்கிறது; குறைந்தது கால்மணி நேரம் ஓரிடத்தில் பார்த்து, கண்டதை எண்ணி, ஈபேர்டு தளத்தில் பதிய வேண்டும். மொட்டை மாடியே போதும். நான் ஆதம்பாக்கம் ஏரிக்கரையில் நிற்பேன். குளத்துக் கொக்கு, சிறிய நீர்க்காகம், மைனா, மின்கம்பியில் தகைவிலான்கள் என்று வழக்கமானவைதான் பட்டியலில் வரும். தகைவிலான்களை எண்ணுவது சிரமம், உட்கார்ந்த இடத்தில் இருக்காது. பக்கத்தில் இன்னொருவர் நின்று இடது பாதியை எடுத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும்.