ஷார்லட் லூகாஸின் பின்பக்க அறை
ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813) நாவலைப் பலரும் எலிசபெத், டார்சி காதலுக்காகவே வாசிக்கின்றனர். நாவலின் கூர்மை அவளுடைய தோழி ஷார்லட் லூகாஸிடம்தான் உள்ளது. பென்னட் குடும்பத்தின் ஐந்து மகள்களுக்கும் தந்தையின் சொத்து சேராது. ஆண் வாரிசான காலின்ஸுக்கே போகும். எலிசபெத் மறுத்த அவரை, 27 வயது ஷார்லட் சில நாட்களிலேயே மணக்கச் சம்மதிக்கிறாள். எலிசபெத்துக்கு அது இழிவாகப் படுகிறது.

பின்னர் அவர்கள் வீட்டுக்குச் செல்லும்போது, வசதியான அறையை விட்டு ஷார்லட் பின்பக்க அறையில் அமர்வதைக் காண்கிறாள். அங்கிருந்து சாலை தெரியாது; ஆகவே கணவர் அதிகம் வரமாட்டார்! ஆஸ்டின் சிரிக்கவைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். வாசகரால் அப்படி நகர முடிவதில்லை. ஆண்டுக்கு 10,000 பவுண்டு வருமானமுள்ள டார்சியையும் எலிசபெத் முதலில் மறுக்கிறாள். அவர் திரும்பி வராதிருந்தால், தந்தைக்குப் பின் அவளுக்கு அமர ஒரு பின்பக்க அறைகூட இருந்திருக்காது.