பதிவான நாதமும் பதியாத கமகமும்

தெற்குத் தில்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள முனிர்காவின் சிறிய வாடகை அறையில் வசிக்கும் ஓர் இளைஞர், ஒரு லேப்டாப்பையும் சிறு கீபோர்டையும் துணைகொண்டு, வீணை, வயலின், நாதஸ்வரம், மிருதங்கம் ஆகிய வாத்தியங்களின் ஒலிகளையெல்லாம் இன்று தாம் ஒருவராகவே எழுப்பிவிடலாம். அதே வட்டாரத்தில், ராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் 1973-ல் கும்பாபிஷேகம் நடந்த மலைமந்திரின் உற்சவங்களிலோ, நாதஸ்வர வித்வான் ஒருவர் சீவாளியை இதழ்களிடையே பொருத்தித் தம் மூச்சினாலேயே நாதத்தைப் பிறப்பிக்கிறார். முன்னது பின்னதற்கு எந்த அளவுக்குப் பிரதிநிதியாகும் என்பதைப் பட்சபாதமின்றி ஆராய்வது, நம் சங்கீதத்தில் அக்கறை கொண்ட அனைவரின் கடமையுமாகும்.

லேப்டாப்பில் வாத்திய ஒலியை எழுப்பும் இம்முறையின் அடிப்படை எளியது. வாத்தியத்தின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் மென்மையாகவும் வன்மையாகவும் பலமுறை வாசிக்கச் செய்து, நல்ல மைக்கினால் பதிவுசெய்து, ஒவ்வொரு பதிவையும் கீபோர்டின் ஒரு கட்டையோடு இணைத்துவிடுகிறார்கள். 1983-ல் வெளிவந்த மிடி என்னும் பொதுவிதி, எந்தக் கட்டை எவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது என்ற செய்தியைக் கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்கிறது.

இதன் நன்மைகள் அற்பமானவையல்ல. தம்பூராவை எடுத்துக்கொள்வோம்: அதன் தந்திகள் கமகம் என்னும் ஸ்வர அசைவின்றி, மீட்டிய இடத்திலேயே நின்று ஒலிப்பவை, ஜீவா என்னும் நூலால் விளையும் அந்த ரீங்காரத்தையும் ஒரு நல்ல பதிவு பெரும்பாலும் காப்பாற்றிவிடுகிறது, ஆகவே, சிறு வீட்டில் தனியே அப்பியாசம் செய்யும் மாணவருக்குச் சுருதி சுத்தமாக அமைவது பெரும் வரப்பிரசாதமே. மிருதங்கத்தின் வலப்புறமான வலந்தலையில் நிகழும் தனித்தனிச் சொற்களும் அவ்வாறே நன்கு பதிகின்றன. வலந்தலையின் நடுவிலுள்ள கரணை என்னும் கரும்பூச்சின் பாரத்தால் அதன் ஒலியில் கிளைநாதங்கள் இசைவாக அமைகின்றன என்று ஸர் சி. வி. ராமன் 1920-லேயே எடுத்துக்காட்டிய அந்த இனிமை, பதிவிலும் கெடுவதில்லை. ஆனால் இடப்புறமான தொப்பியில் உள்ளங்கை நகர எழும் கும்கியை அணுகும்போதே இம்முறை தடுமாறத் தொடங்குகிறது.

தடுமாற்றத்தின் காரணம் ஒலியில் இல்லை, கட்டையில் இருக்கிறது. பியானோவில் விரல் விழுந்த கணத்திலேயே ஸ்வரத்தின் விதி தீர்மானமாகிவிடுகிறது. வயலினிலோ வில் நகரும் காலமெல்லாம், நாதஸ்வரத்திலோ மூச்சு ஓடும் காலமெல்லாம், ஸ்வரம் உருவாகிக்கொண்டே இருக்கிறது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைந்து அசைந்தே அது காந்தாரமாகிறது. அதற்கெனக் குறித்த கட்டையை எத்தனை நேர்த்தியாக அழுத்தினாலும் வருவது தோடியன்று. சுருதியை வளைக்க மிடியில் 16,384 நுண்படிகள் உண்டு என்பது மெய்யே. ஆயினும் இடக்கையால் ஒரு சக்கரத்தைத் திருப்பி, ஒரே மிடி சானலில் ஒலிக்கும் ஸ்வரங்கள் அனைத்தையும் ஒருசேர வளைக்கும் ஏற்பாடு, வீணையின் மெட்டின்மேல் தந்தியை இழுக்கும் விரலின் விவேகத்துக்கு ஈடாகாது.

இக்குறை புதிதன்று. ஹார்மோனியத்தின் நிலைத்த ஸ்வரங்களைக் காரணம் காட்டி, அகில இந்திய வானொலி 1940-ல் அதைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. அத்தடை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. ஆனால் ஹார்மோனியத்தில் கட்டையும் ஒலிக்கும் நாக்கும் பிரிக்கவொண்ணாதவை. டிஜிட்டல் சாதனத்திலோ ஒலி வேறு, அதை ஆளும் கருவி வேறு. ஆதலால் இங்கே தடை அவசியமில்லை, திருத்தமே போதும். ஊதி வாசிக்கும் மிடி கருவிகள் 1980-களிலேயே வந்துவிட்டன. கட்டைகளற்ற சமதளத்தில் விரலை வழுக்கி வாசிக்கும் கன்டினுவம் என்ற கருவியை ஏ. ஆர். ரஹ்மான் மேடையில் கையாண்டிருக்கிறார். ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியே வளைக்க இடமளிக்கும் எம்.பி.இ. என்ற விதியும் 2018-ல் ஏற்கப்பட்டது.

கருவி திருந்தினாலும் மற்றொரு தோஷம் எஞ்சும். ஒரு வித்வானின் ஒருநாள் வாசிப்பு ஆயிரம் இசையமைப்பாளர்களின் சொத்தாகும்போது, தஞ்சாவூர் பாணி, மைசூர் பாணி என்று கைக்குக் கை வேறுபட்ட வீணை, காலக்கிரமத்தில் ஒரே கையின் வீணையாகச் சுருங்கிவிடும்.

ஆகவே என் முடிவு இது: சுருதிக்கும், அப்பியாசத்துக்கும், இசையமைப்பின் முதற்படிக்கும் இம்முறை முற்றிலும் தகுதியானது, ஆனால் ராகத்தின் ஜீவனைத் தாங்கும் பிரதான வாசிப்பைத் தனி ஸ்வரப் பதிவுகளிடம் ஒப்படைப்பது தகாது. இனித் தொகுப்போர் ஸ்வரங்களை உதிரியாகப் பதியாமல், பல பாணி வித்வான்களைக்கொண்டு ராகந்தோறும் பிரயோகங்களைப் பதிந்து, அவர்களின் பெயரைக் குறிப்பிட்டு, வருவாயில் உரிய பங்கையும் அளிக்க வேண்டும். முனிர்காவில் மெட்டமைக்கும் இளைஞரும், தம் பாடல் உருவானபின் நாதஸ்வரப் பகுதிக்கு ஒரு வித்வானையே அழைத்து வாசிக்கச் செய்வாரானால், யந்திரத்தின் சௌகரியமும் மனிதரின் வித்தையும் ஒன்றையொன்று அழிக்காமல் வாழும்.