‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசையும் மலையகமும்: ஒரு நோக்கு

பொப் இசையை வெறும் கேளிக்கையெனத் தள்ளிவிடும் மனப்பாங்கு எமது முற்போக்கு விமர்சகரிடையே நெடுங்காலம் நிலவி வந்துள்ளது. எழுபதுகளில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பாடல்கள் இலங்கையில் பெருவழக்குப் பெற்றிருந்தபோது, அவற்றை ஆராயத்தக்க பொருளாகக் கருதியோர் மிகச் சிலரே. அதே தசாப்தத்தில் பிரித்தானியாவில் வேலையற்ற இளைஞரின் சினம் பங்க் இசையாக வெடித்தது. அதற்கு நிகரான சினம் தமிழில் ஓர் இசைக்குழுவாகத் திரண்டமைக்குச் சென்னையின் ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவையே நாம் எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் 2017 இல் உருவாக்கிய இக்குழு, 19 கலைஞரோடு 2018 சனவரி 6 ஆம் நாள் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியது. ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்ற அயோத்திதாச பண்டிதரின் கருத்தினின்று அதன் பெயர் பிறந்தது. வடசென்னை உழைப்பாளர் குடியிருப்புகளில், சிறப்பாகச் சாவு வீடுகளில், வளர்ந்த கானாவோடு ராப்பும் றொக்கும் இங்கு இணைகின்றன. இட ஒதுக்கீடு, மாட்டிறைச்சி என்பன பாடுபொருளாகின்றன. ஆடவர் அரங்காகவே இருந்துவந்த கானாவில் இசைவாணி பெற்ற இடம் தனியே ஆராயத்தக்கது. முழக்கத்திற்கும் பாட்டுக்கும் இடையிலான தூரத்தைச் சில பாடல்கள் கடக்கவில்லை என்பதையும் கூறவே வேண்டும். எனினும் சொல் தளரும் இடங்களில் பறையும் சட்டியும் பொருளைத் தாங்கிச் செல்கின்றன.

மலையக வாசகருக்கு அவ்வொலி புதியதன்று. தோட்டத்தில் தப்பு சாவுக்கும் அடிக்கப்பட்டது. விடியலில் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைக்கவும் அடிக்கப்பட்டது. சாதியால் இழிவு சுமத்தப்பட்டவனின் கருவியே மூலதனத்தின் மணியோசையாகவும் பயன்பட்டது. சாதியும் வர்க்கமும் ஒன்றையொன்று தாங்கி நின்றமைக்கு இதைவிடத் துலக்கமான சான்று அரிது.

இக்குழுவின் பாடகருள் ஒருவரான அறிவு, தீ என்னும் பாடகியுடன் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ 2021 மார்ச்சில் வெளிவந்தது. சந்தோஷ் நாராயணன் இசையமைத்த அப்பாடல் குழுவின் வெளியீடு அன்று. ஆயினும் குழுவில் பயின்ற குரலே அதிலும் ஒலிக்கின்றது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின் தமிழகம் திரும்பிய தம் பாட்டியின் நினைவுகளே அதன் ஊற்று என அறிவு கூறியுள்ளார். 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராகப் பங்கிட்டது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இறம்பொடைத் தோட்டமொன்றின் லயத்தில் இப்பாடலை ஒலிக்கவிட்டபோது, முதிய கொழுந்துக்காரி ஒருவர் எம்மிடம் கேட்டார்: “எந்தத் தோட்டம் தம்பி?” சென்னைச் செவிக்குத் தோட்டம் என்பது மரமும் நிழலும். இறம்பொடைச் செவிக்கோ அது துரை, கங்காணி, லயம், பிரட்டுக்களம். தோட்டம் செழித்தும் அதை ஆக்கியவரின் தாகம் தணியவில்லை என்ற பொருள்பட வரும் பகுதி, இவ்விரண்டாம் பொருளிலேயே முழு வலிமை பெறுகின்றது. பாடல் அவ்வலிமையை இறுதிவரை பேணவில்லை என்பதே எமது கருத்து. மண்ணும் முன்னோரும் உயிரினங்களும் கூடிய பொதுமைக் காட்சியில் கூலியுறவு கரைந்துபோகின்றது. ஒப்பாரியின் சாயல் உண்டு. ஆனால் அரைப்பேர் இல்லை. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்களில் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் பெற்ற இடம் இங்கு வெறுமையாக உள்ளது.

பாடலின் பின்வரலாறும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. 2022 இல் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அது அறிவு இன்றியே பாடப்பட்டது. தம் உழைப்பு மறைக்கப்படுவதாக அவர் பகிரங்கமாக முறையிட்டார். இசையமைப்பாளரோ பாடல் கூட்டுமுயற்சியே என விளக்கினார். அப்பாடலால் வருவாய் ஏதும் தமக்குக் கிட்டவில்லையென 2024 இல் அவரே கூறவும் நேர்ந்தது. 19 பேர் ஒரே மேடையில் நின்ற குழுவில் ‘இது யாருடைய உழைப்பு’ என்ற கேள்வி இத்துணைக் கூர்மை பெற்றதாகத் தெரியவில்லை. சந்தைக்குப் போன பாடலில் அது தவிர்க்கவியலாததாயிற்று.

பாடல் வெளிவந்த அதே மார்ச்சில்தான், பல்லாண்டுப் போராட்டத்தின் பின், இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபாய் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. ஒரு பேருக்கு எத்தனை கிலோ கொழுந்து என்ற தகராறு உடனே பல தோட்டங்களில் மூண்டது. இறம்பொடைக் கிழவி எம்மிடம் பாடலைப் பற்றி அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. தராசைப் பற்றியே பேசினார்.